எப்படி இறந்தார்? மருத்துவக் கவனக்குறைவு மரணங்களும் விசாரிக்க வேண்டிய கடமையும்

கால்வேயில் மூன்று விசாரணைகள்

2012 அக்டோபர் 21. அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கால்வே நகரப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு 17 வாரக் கர்ப்பிணி ஒருவர் முதுகுவலியோடு வந்தார். வயது 31. கர்நாடகத்திலிருந்து போய் அங்கே குடியேறிய பல் மருத்துவர். பெயர் சவிதா ஹலப்பனவர். கரு தங்காது என்று மருத்துவர்களே சொல்லிவிட்டார்கள். அப்படியானால் கலைத்துவிடுங்கள் என்று கேட்டார். கருவின் இதயம் இன்னும் துடிக்கிறது, ஆகவே முடியாது என்றார்கள். அன்றைய அயர்லாந்துச் சட்டத்தை அந்த மருத்துவர்கள் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார்கள். ஏழாம் நாள், அக்டோபர் 28 அன்று, ரத்தத்தில் பரவிய நோய்த்தொற்றால் அவர் இறந்தார்.

உலகம் இந்த மரணத்தைக் கருக்கலைப்புச் சட்டத்தின் கதையாக நினைவில் வைத்திருக்கிறது. 2018 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் 66.4 சதவீதத்தினர் கருக்கலைப்புக்கு எதிரான அரசியலமைப்புத் தடையை நீக்கியதுவரை கதை நீள்வதால் அது இயல்புதான். ஆனால் மரணத்துக்கு அடுத்த ஓராண்டில் நடந்த விசாரணைகளின் கதை அதிகம் பேசப்படவில்லை.

அயர்லாந்தின் சுகாதாரச் சேவை நிர்வாகம் முதலில் ஒரு விசாரணைக் குழுவை அறிவித்தது. அதில் மூன்று பேர் அதே கால்வே மருத்துவமனையின் நிபுணர்கள். சவிதாவின் கணவர் எதிர்ப்புத் தெரிவித்ததும் மூவரும் விலக்கப்பட்டனர். குழுவுக்குத் தலைமை வகித்தவர் சபாரத்தினம் அருள்குமரன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், கொழும்பில் மருத்துவம் படித்தவர், சிங்கப்பூரிலும் லண்டனிலும் மகப்பேறியல் பேராசிரியராக இருந்தவர். கால்வேக்கு அவர் முற்றிலும் வெளியாள். அந்த வேலைக்கு முதல் தகுதியும் அதுதான். நோயாளியைப் போதுமான அளவு கண்காணிக்கவில்லை, நோய்த்தொற்று தொடர்பான நெறிமுறைகளைப் பின்பற்றவில்லை, சிகிச்சை வாய்ப்புகள் எல்லாவற்றையும் அவர் முன் வைக்கவில்லை என்று 2013 ஜூனில் அக்குழு அறிக்கை தந்தது. சட்டத்தை மருத்துவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதும் காரணங்களில் ஒன்று என்று எழுதியது.

அதற்கு முன்பே, ஏப்ரலில், கொரோனர் எனப்படும் மரண விசாரணை அதிகாரி ஜூரிகளோடு திறந்த அவையில் விசாரித்தார். இது கத்தோலிக்க நாடு என்று சவிதாவிடம் சொன்னது உண்மைதான் என ஒரு மருத்துவத் தாதி சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டது அந்த அவையில்தான். கதவை அடைத்துக்கொண்டு உட்காரும் நிபுணர் குழுவில் இப்படிப்பட்ட ஒரு வாக்கியம் பொதுவெளிக்கு வருவது அரிது. மூன்றாவதாக, சுகாதாரத் தரத்தைக் கண்காணிக்கும் தனி ஆணையம் அக்டோபரில் தன் அறிக்கையை வெளியிட்டது. சவிதாவின் சிகிச்சை முடிவை மாற்றியிருக்கக்கூடிய 13 வாய்ப்புகள் தவறவிடப்பட்டன என்று அது பட்டியலிட்டது.

ஒரு மரணம், மூன்று விசாரணைகள். அப்படியும் கணவருக்கு நிறைவு இல்லை. முழுமையான பொது விசாரணை வேண்டும் என்று கேட்டார், கிடைக்கவில்லை. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு மீறப்பட்டது என்று அவருடைய வழக்கறிஞர் பேசத் தொடங்கினார். 2ஆம் பிரிவு உயிர்வாழும் உரிமையைச் சொல்வது. இறந்துவிட்டவரின் உயிர் உரிமையிலிருந்து, உயிரோடிருப்பவருக்கு விசாரணை கேட்கும் உரிமை எப்படி வந்தது? அது எவ்வளவு தூரம் செல்லும்? இந்தியாவில் அதற்கு இணையாக என்ன இருக்கிறது? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்விகள் இவை. ‘என்ன நடந்தது’ என்று அறியும் உரிமை, தண்டனையிலிருந்தும் இழப்பீட்டிலிருந்தும் வேறான ஒன்று. இந்தியச் சட்டம் பின்னிரண்டுக்கும் வாசல் வைத்துவிட்டு முதலாவதைச் சுவராக விட்டிருக்கிறது. அந்தச் சுவரில் நோயாளியின் குடும்பம் மட்டுமன்றி மருத்துவரும் மோதிக்கொள்கிறார் என்பது இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

துப்பாக்கியில் தொடங்கிய கடமை

விசாரிக்கும் கடமை மருத்துவமனையில் பிறக்கவில்லை. ஹோண்டுராஸில் காணாமலாக்கப்பட்ட ஒருவரைப் பற்றிய வேலாஸ்கஸ் ரொட்ரிகஸ் வழக்கில், 1988ஆம் ஆண்டு அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் அதற்கு அடித்தளமிட்டது: உரிமை மீறல் நடந்தால் அரசு முனைந்து விசாரிக்க வேண்டும், உறவினர் ஆதாரம் கொண்டுவரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அதே ஆண்டு மார்ச்சில் ஜிப்ரால்டரில் ஐ.ஆர்.ஏ. அமைப்பைச் சேர்ந்த மூவரைப் பிரிட்டன் படையினர் சுட்டுக்கொன்றனர். மக்கேன் வழக்கு எனப்படும் அதில் 1995இல் தீர்ப்பளித்த ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அரசின் கையால் ஒருவர் இறந்தால் பயனுள்ள அதிகாரபூர்வ விசாரணை நடந்தாக வேண்டும் என்றது. காரணம் எளியது. கொன்றவரே கணக்கெழுதினால் உயிர்வாழும் உரிமை ஏட்டுச் சுரைக்காய்.

மருத்துவர் கொல்வதற்காகக் கத்தி எடுப்பதில்லை. ஆகவே இந்தக் கடமையை அறுவை அரங்குக்குள் கொண்டுவரும்போது நீதிபதிகள் தயங்கினார்கள். 2002இல் இத்தாலியைச் சேர்ந்த கால்வெல்லி, சிலியோ வழக்கில் அந்தத் தயக்கத்தை வெளிப்படையாகப் பார்க்கலாம். 1987இல் பிறந்த குழந்தை இரண்டே நாளில் இறந்தது. மருத்துவர்மீதான குற்ற வழக்கு காலாவதியாகிவிட்டது. பெற்றோர் காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் பெற்றுக்கொண்டு சமாதானம் செய்துகொண்டார்கள். நீதிமன்றம் இரண்டு விஷயங்களை ஒரே மூச்சில் சொன்னது. மருத்துவமனை அரசுடையதோ தனியாருடையதோ, மரணத்தின் காரணத்தைக் கண்டறியவும் பொறுப்பை நிர்ணயிக்கவும் சுதந்திரமான நீதி அமைப்பு இருந்தாக வேண்டும். ஆனால் தவறு வேண்டுமென்றே செய்யப்படாதபோது அது குற்ற வழக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உரிமையியல் வழக்கே போதும்.

முதல் பாதி பெரிய வெற்றி. இரண்டாம் பாதியில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. உரிமையியல் வழக்கில் அரசு எதையும் தேடாது. வழக்காடுபவர்தான் தேட வேண்டும். பணம் பெற்றுக்கொண்டால் கேள்வியும் அதோடு முடிந்தது.

நீதிமன்றமே பிறகு இதை உணர்ந்ததாகத் தெரிகிறது. ஸ்லோவேனியாவில் 20 வயது இளைஞர் ஒருவர் 1993இல் ஊசி மருந்து ஒவ்வாமையால் இறந்தார். பெற்றோர் தொடுத்த உரிமையியல் வழக்கு 13 ஆண்டு இழுத்தது. குறைந்தது ஆறு நீதிபதிகள் மாறினார்கள். வழி ஏட்டில் இருந்தால் போதாது, நடப்பில் பலன் தர வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு ஷிலிஹ் வழக்கில் நீதிமன்றம் ஸ்லோவேனியாவைக் கண்டித்தது.

ஒரு மூக்கு அறுவையின் பதினைந்து ஆண்டுகள்

இன்று இத்துறையில் மேற்கோளாக நிற்பது போர்ச்சுக்கல் வழக்கு. 1997 நவம்பர் 26 அன்று போர்ட்டோ நகருக்கு அருகிலுள்ள மருத்துவமனையில் 40 வயது ஒருவருக்கு மூக்கிலிருந்த சதை வளர்ச்சியை நீக்கினார்கள். சின்ன அறுவை. இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாளே கடுந்தலைவலியோடு திரும்பி வந்தார். மூளைக்காய்ச்சல் என்று பின்னால் தெரிந்தது. சேர்ப்பதும் அனுப்புவதுமாக மூன்று மாதம் கழிந்தது. 1998 மார்ச் 8 அன்று, வயிற்றுக்குள் குடல் துளைபட்டு நோய்த்தொற்று பரவி, வேறொரு மருத்துவமனையில் இறந்தார். மூக்கில் தொடங்கியது வயிற்றில் எப்படி முடிந்தது என்பதே மனைவியின் கேள்வி.

அவர் தட்டாத கதவில்லை. அமைச்சகத்துக்கு எழுதினார், சுகாதாரத் தணிக்கைப் பிரிவு ஆண்டுக்கணக்கில் விசாரித்தது. மருத்துவர் சங்கத்திடம் போனார். குற்றப் புகார் கொடுத்தார். அது ஆறு ஆண்டு எட்டு மாதம் நடந்து, குற்றம் சாட்டப்பட்ட ஒரே மருத்துவரின் விடுதலையில் முடிந்தது. இழப்பீட்டு வழக்கு 2003 மார்ச்சில் தொடங்கி 2013 பிப்ரவரியில் தள்ளுபடியானது. ஒவ்வோர் அமைப்பும் ஒரு துண்டைப் பார்த்தது. மூன்று மாதச் சங்கிலியை முழுவதுமாக எவரும் பார்க்கவில்லை.

2017 டிசம்பர் 19 அன்று ஐரோப்பிய நீதிமன்றத்தின் பேரமர்வு இந்த வழக்கில் கோட்டைத் தெளிவாகக் கிழித்தது. விசாரணையைப் பொறுத்தவரை போர்ச்சுக்கல் தவறிழைத்தது. மனைவிக்கு 23,000 யூரோ தர வேண்டும். மரணத்தைப் பொறுத்தவரை போர்ச்சுக்கல் அரசு பொறுப்பல்ல. மருத்துவர் பிழையாகக் கணித்தார், துறைகள் ஒன்றோடொன்று பேசவில்லை என்பதற்கெல்லாம் அரசை உயிர் உரிமை மீறலுக்குப் பொறுப்பாக்க முடியாது. உயிர் காக்கும் அவசர சிகிச்சை தெரிந்தே மறுக்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது மருத்துவமனை அமைப்பிலேயே உள்ள கோளாறால் அந்தச் சிகிச்சை கிடைக்காமல் போயிருக்க வேண்டும், அக்கோளாறு அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலை இருக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பை இரண்டு விதமாகப் படிக்கலாம். மருத்துவரின் ஒவ்வொரு பிழையையும் மனித உரிமை மீறலாக்கினால் எந்த மருத்துவரும் ஆபத்தான நோயாளியைத் தொடமாட்டார். ஆகவே வாசலை உயர்த்தியது விவேகம் என்பது ஒரு வாசிப்பு. மாறாக, தெரிந்தே மறுத்தார்கள் என்பதை நோயாளியின் தரப்பு எப்படி நிரூபிக்கும் என்று கேட்பது இன்னொன்று. அமர்விலிருந்த போர்ச்சுக்கல் நீதிபதி பின்டோ டி அல்புகர்க் இரண்டாம் அணியில் நின்றார். தன் நாட்டுக்கு எதிராக, பெரும்பான்மையைவிடக் கடுமையாக எழுதினார் என்பது கவனிக்கத்தக்கது.

அமைப்புக் கோளாறா, தனிமனிதத் தவறா என்பது விசாரணை முடிந்த பிறகே தெரியும். அதைத் தொடக்கத்திலேயே வாயிற்படியாக வைத்தால் விசாரணையின் அளவை ஊகமே தீர்மானிக்கும். இது தர்க்கச் சிக்கல் மட்டுமல்ல, வழக்குகளின் போக்கையே மாற்றும் சிக்கல். இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டு மிடில்டன் தீர்ப்புக்குப் பிறகு, அரசின் பொறுப்பு தொக்கிநிற்கும் மரணங்களில் கொரோனர் ‘எதனால்’ என்பதோடு ‘எந்தச் சூழ்நிலையில்’ என்றும் கேட்க வேண்டும். ஆனால் பராமரிப்பு இல்லத்தில் இருந்த, டவுன் நோய்க்குறியோடு பிறந்த ஒரு பெண் 2017இல் இறந்த வழக்கில், அங்கே அமைப்புக் கோளாறு இருந்ததாகச் சொல்ல முடியாது, ஆகவே அந்த விரிந்த விசாரணை கட்டாயமில்லை என்று 2023இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

யார் இறக்கிறார்கள் என்ற கேள்வி

ஐரோப்பிய வழக்குகள் கேட்காத ஒன்றைப் பிரேசில் வழக்கு கேட்டது. 2002 நவம்பர் 11 அன்று ரியோ டி ஜெனிரோ மாநிலத்தின் பெல்ஃபோர்ட் ரோஷோ என்ற ஊரில், ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த ஆலினி த சில்வா பிமென்டல் என்ற 28 வயதுக் கர்ப்பிணி வாந்தியும் வயிற்றுவலியுமாகத் தனியார் சுகாதார மையத்துக்குப் போனார். மருந்தெழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது வயிற்றில் குழந்தை இறந்திருந்தது. பிரசவித்த பிறகு நஞ்சுக்கொடியை அகற்றும் அறுவைக்குப் பதினான்கு மணி நேரம் ஆயிற்று. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஆம்புலன்சுக்கு எட்டு மணி நேரம். போய்ச் சேர்ந்த இடத்தில் படுக்கை இல்லை. 21 மணி நேரம் கவனிப்பாரற்றுக் கிடந்து நவம்பர் 16 அன்று இறந்தார்.

பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. குழு 2011இல் இந்த வழக்கில் தீர்ப்புரைத்தது. பேறுகால மரணம் ஒன்றில் ஓர் அரசைச் சர்வதேச மனித உரிமை அமைப்பு பொறுப்பாக்கியது அதுவே முதல் முறை. முதல் மையம் தனியாருடையது என்ற பிரேசிலின் சாக்கைக் குழு ஏற்கவில்லை. பொது மருத்துவச் சேவையை வெளியே ஒப்படைத்தாலும் கண்காணிக்கும் பொறுப்பை ஒப்படைக்க முடியாது என்றது. 2003இல் குடும்பம் தொடுத்த இழப்பீட்டு வழக்கு ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்ததும் தனி மீறலாகக் கொள்ளப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் பெண், கறுப்பினத்தவர், ஏழை என்ற மூன்றும் சேர்ந்த பாகுபாட்டைக் குழு அடையாளம் கண்டது. தனித்தனி மரணத்தைத் தனித்தனியாக விசாரித்தால் இந்தக் கோலம் புலப்படாது. புள்ளிகளைச் சேர்த்து வைத்தால்தான் தெரியும்.

இந்தியர் ஒருவர் இந்தக் குழுவிடம் போக முடியாது. பெண்கள் உடன்படிக்கையை 1993இலும், உயிர் உரிமை பேசும் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையை 1979இலும் இந்தியா ஏற்றது. தனிநபர் முறையிட வழி தரும் விருப்ப நெறிமுறைகளை ஏற்கவில்லை. ஆகவே கேள்வி உள்ளூர்ச் சட்டத்துக்கே திரும்புகிறது.

இந்தியாவில் யார் கேட்பது?

மணமான ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டால் ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு என்பது தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். காவல் நிலையத்தில் ஒருவர் இறந்தால் நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும். மருத்துவமனைக் கட்டிலில் இறந்தவருக்கு இப்படிக் கட்டாயமாக வரும் விசாரணையாளர் எவரும் இல்லை. உறவினர் புகார் கொடுத்தால் காவல் துறை பிரேத விசாரணை நடத்தும். அதன் எல்லை குறுகியது: சாவுக்குக் கண்ணுக்குத் தெரிந்த காரணம் என்ன என்பதோடு சரி. கொரோனர் என்ற பதவி இந்தியாவுக்குப் புதிதும் அல்ல. பம்பாயில் 1990களின் இறுதிவரை இருந்து, பிறகு எடுக்கப்பட்டது.

உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவைச் சிகிச்சை பெறும் உரிமையாக உச்ச நீதிமன்றம் விரித்திருக்கிறது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட தொழிலாளி ஒருவரைக் கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கையில்லை என்று திருப்பி அனுப்பிய வழக்கில், 1996இல் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கிடைத்தது. அவர் தனியார் மருத்துவமனையில் பிழைத்து எழுந்து வழக்காடினார். பிழைக்காமல் போயிருந்தால்? சிகிச்சை மறுக்கப்பட்டதா என்று கண்டறிய வேண்டிய கடமை யாருடையது என்பதை 21ஆம் பிரிவின் தீர்ப்புகள் இன்னும் துலக்கமாகச் சொல்லவில்லை.

மிஞ்சுவது இரண்டு வழி. முதலாவது குற்ற வழக்கு. 2005ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மருத்துவருக்கு ஒரு காப்பு வேலி போட்டது. மூச்சுத் திணறிய நோயாளிக்கு வைத்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது என்பது அந்த வழக்கின் புகார். கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருந்தாலொழிய அது குற்றமாகாது; தனிப் புகாரை ஏற்க இன்னொரு மருத்துவரின் நம்பத்தகுந்த கருத்து வேண்டும்; விசாரணை அதிகாரி, முடிந்தவரை அரசுப் பணியிலுள்ள, அத்துறை மருத்துவரிடம் கருத்துப் பெற வேண்டும்; வழக்கமான பாணியில் கைது கூடாது என்றது. அரசு சட்ட விதிகள் வகுக்கும்வரை இது இடைக்கால ஏற்பாடு என்றும் சொன்னது. பின்னர் வந்த பாரதிய நியாய சம்ஹிதா, கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கான தண்டனையை மற்றவர்களுக்கு ஐந்து ஆண்டாக உயர்த்தி, பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டாகவே வைத்தது.

வேலியில் குறை காண்பதற்கில்லை. சிறையை நினைத்துக்கொண்டே அறுவை செய்ய முடியாது. குறை வேறிடத்தில். குற்றம் என்ற வாசலை உயர்த்தியபோது, விசாரணை என்ற வாசலும் அதோடு சேர்ந்து உயர்ந்துவிட்டது. இரண்டையும் பிரித்து வைக்க எவரும் மெனக்கெடவில்லை. அரசு மருத்துவமனை மரணத்தில் அரசு மருத்துவரிடமே கருத்துக் கேட்கும் ஏற்பாட்டில், கால்வேயில் கணவர் எழுப்பிய ஆட்சேபத்துக்கு இடமே இல்லை. 2022 நவம்பரில் சென்னையில் முழங்கால் அறுவைக்குப் பின் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை இறந்தபோது மருத்துவர் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாயும் அரசு வேலையும் அறிவிக்கப்பட்டன. எல்லாம் விரைவாகவே நடந்தன. விசாரித்ததும் விசாரிக்கப்பட்டதும் ஒரே சுகாதாரத் துறை.

இரண்டாவது வழி நுகர்வோர் ஆணையம். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் சாந்தா வழக்கு நிலைநாட்டியது. இந்த வழியின் உச்சம் குணால் சாஹா வழக்கு. கொல்கத்தாவில் ஒவ்வாமைக்கு ஸ்டீராய்டு மருந்து மிகையாகச் செலுத்தப்பட்டு 1998இல் அவர் மனைவி இறந்தார். 2013இல் உச்ச நீதிமன்றம் வட்டி நீங்கலாக ஏறத்தாழ ஆறு கோடி ரூபாய் வழங்கியது. பதினைந்து ஆண்டு. வழக்குத் தொடுத்தவர் அமெரிக்காவில் வாழும் மருத்துவர். மருத்துவக் குறிப்பேட்டைத் தானே படிக்கத் தெரிந்தவர், வெளிநாட்டு நிபுணர்களின் கருத்தைத் திரட்ட முடிந்தவர். பதினைந்து ஆண்டு போராடிய அவரோடு ஒப்பிட்டு ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பத்தை நினைத்துப் பார்த்தால், நோயாளியின் பதிவேட்டைக் கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்ற 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகூட அவர்களுக்கு எட்டாத் தொலைவில் இருப்பது புரியும்.

பணம் கேட்கும் வழக்குக்கு இன்னொரு எல்லை உண்டு. இலங்கையில் குழந்தை மருத்துவப் பேராசிரியர் பிரியானி சொய்சா மீதான வழக்கு அதைக் காட்டுகிறது. மூளைத்தண்டுக் கட்டியால் 1992இல் இறந்த குழந்தையின் தந்தை தொடுத்தது அது. கீழமை நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் தீர்ப்பளித்தது. 2001இல் உச்ச நீதிமன்றம், கவனக்குறைவு இருந்தது, ஆனால் சாவு அதனால்தான் நேர்ந்தது என்று நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி இழப்பீட்டை ரத்து செய்தது. சட்டப்படி பிழையற்ற முடிவு. தந்தையின் கையில் மிஞ்சியது பாதி விடை.

நடுநிலை விசாரணை இல்லாத வெற்றிடத்தைக் கூட்டம் நிரப்புகிறது. ராஜஸ்தானின் தௌசா மாவட்டத்தில் 2022 மார்ச்சில், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கால் ஒரு தாய் இறந்தார். மருத்துவமனை முன் போராட்டம் மூண்டதும் காவல் துறை மகப்பேறு மருத்துவர்மீது கொலை வழக்கே பதிந்தது. மறுநாள் அந்த மருத்துவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ரத்தப்போக்கு ஏன் நிற்கவில்லை என்று நிபுணர் எவரும் பார்ப்பதற்குள் இரண்டு பெண்கள் போயிருந்தார்கள். ஜேக்கப் மேத்யூவின் வேலி அவரைக் காக்கவில்லை. வேலியைத் தாண்டிக் குதிக்கும் கூட்டத்துக்கு ‘விசாரணை நடக்கிறது, பொறுங்கள்’ என்று சொல்ல ஒரு அமைப்பும் இல்லை.

ஆள் கிடைத்தால் அமைப்பு தப்பும்

கோரக்பூர் பி.ஆர்.டி. மருத்துவக் கல்லூரியில் 2017 ஆகஸ்ட் 10 இரவு திரவ ஆக்சிஜன் தீர்ந்தது. ஒப்பந்ததாரருக்கு 68 லட்சம் ரூபாய்க்கு மேல் பாக்கி. பலமுறை கடிதம் எழுதிவிட்டு வழங்கலை நிறுத்தியிருந்தார். 48 மணி நேரத்தில் 30 குழந்தைகள் இறந்ததாக மாவட்ட நிர்வாகம் கூறியது. ஐரோப்பிய நீதிமன்றத்தின் அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால் பொருத்தம் வியக்க வைக்கும். உயிர் காக்கும் பொருள் கிடைக்கவில்லை, கோளாறு அமைப்பிலிருந்தது, அதிகாரிகளுக்குக் கடிதம் வாயிலாகத் தெரிந்திருந்தது.

மாநில அரசோ, ஆக்சிஜன் குறைவால் குழந்தைகள் சாகவில்லை என்றது. அதே வேளையில் ஒன்பது பேரைக் கைது செய்தது. அன்றிரவு சிலிண்டர் தேடி அலைந்ததாகப் பேசப்பட்ட குழந்தை மருத்துவர் கஃபீல் கான் ஏறத்தாழ எட்டு மாதம் சிறையிலிருந்தார். அவர் தனிப்பட்ட முறையில் கவனக்குறைவாக இருந்ததற்கு ஆதாரமில்லை என்று 2018 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றம் பிணை வழங்கியது. துறை விசாரணையும் பின்னர் முக்கியக் குற்றச்சாட்டுகள் மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. 2021இல் அரசு அவரைப் பணியிலிருந்து நீக்கியது. ஆக்சிஜனால் சாவில்லை என்பதும் ஆக்சிஜனுக்காகக் கைது என்பதும் ஒரே அரசின் வாயிலிருந்து வந்தன. முரண் என்று தோன்றும். உண்மையில் இரண்டும் செய்தது ஒரே வேலைதான்: கோப்பு ஏன் நகரவில்லை என்ற கேள்வியை மறைத்தது.

சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் 2014 நவம்பர் 8 அன்று, கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்தார். ஒரு நாளைக்கு 30 என்பது விதி. பிலாஸ்பூர் முகாம்களில் 13 பெண்கள் இறந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில், அதிக எண்ணிக்கையில் அறுவை செய்ததற்காக மாநில அரசு பாராட்டியவர் அவர். மாத்திரையில் கலப்படம் என்றது ஒரு தரப்பு. அறுவையின் சுகாதாரக்கேடு என்றது இன்னொன்று. அனிதா ஜா தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைந்தது. இலக்கு வைத்து முகாம் நடத்தும் கொள்கையை மருத்துவரின் குற்ற வழக்கு எப்படித் தொடும்?

அதைத் தொட்டது வேறொரு வழக்கு. பிகாரின் அராரியாவில் 2012 ஜனவரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டார்ச் வெளிச்சத்தில் 53 பெண்களுக்கு இரண்டு மணி நேரத்தில் அறுவை நடந்ததை எதிர்த்து தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த பொதுநல வழக்கு. 2010 முதல் 2013 வரை இத்தகைய அறுவைகளால் 363 பேர் இறந்திருந்தது அதில் வெளிப்பட்டது. 2016 செப்டம்பர் 14 அன்று நீதிபதிகள் மதன் லோகுர், யு.யு. லலித் அமர்வு, மூன்று ஆண்டுக்குள் முகாம் முறையைக் கைவிட ஆணையிட்டது. மரணங்களின் விவரத்தையும் அவற்றின் விசாரணையையும் பொதுவில் வைக்கச் சொன்னது. ‘விசாரிக்கும் கடமை’ என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே அந்தக் கடமைக்கு மிக அருகில் இந்திய நீதிமன்றம் வந்த இடம் அது.

தணிக்கை அறையின் கதவு

இந்தியாவுக்கு விசாரிக்கத் தெரியாது என்று முடிவுகட்டுவதற்கு முன், தமிழ்நாட்டின் ஓர் ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். பேறுகால மரணம் ஒவ்வொன்றையும் தணிக்கை செய்யும் வழக்கத்தை 1990களிலேயே தொடங்கிய மாநிலம் இது. 2004இல் அது கட்டாயமானது. 2010இல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் இதை நெறிமுறையாக்கியது. இறந்த பெண்ணின் வீட்டுக்கே ஆள் வருகிறார். வலி எப்போது தொடங்கியது, வண்டி எப்போது கிடைத்தது, முதல் மருத்துவமனையில் என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்கு அடுத்த இடத்துக்கு அனுப்பினார்கள் என்று வாய்மொழியாகக் கேட்டு எழுதுகிறார்கள். மருத்துவமனையின் குறிப்பேடு தனியாக ஆராயப்படுகிறது. பிறகு மாவட்ட ஆட்சியர் முன் கூட்டம். சங்கிலியை முழுவதுமாகப் பார்ப்பது என்று போர்ச்சுக்கல் மனைவி பதினைந்து ஆண்டு கேட்டது இதைத்தான்.

இந்தத் தணிக்கையின் அடிப்படை ஒப்பந்தம், யாரையும் குற்றம் சாட்டுவதில்லை என்பது. பிரிட்டன் 1952 முதல் நடத்திவரும் ரகசிய ஆய்வின் வழிவந்த கொள்கை. பெயர் வெளியாகாது, தண்டனை வராது என்ற உறுதி இருந்தால்தான் மருத்துவர் உள்ளதைச் சொல்வார். சொன்னால்தான் அடுத்த தாய் பிழைப்பாள். தமிழ்நாட்டில் பேறுகால மரண விகிதம் இறங்கியதில் இதற்கும் பங்குண்டு என்று பொதுச் சுகாதாரத் துறையினர் சொல்வதை மறுக்கக் காரணமில்லை. குடும்பத்துக்கு எல்லாவற்றையும் திறந்துவிட்டால் அறிக்கை அப்படியே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும், மருத்துவர்கள் வாய்மூடிவிடுவார்கள் என்ற அச்சமும் பொய்யல்ல.

ஆனால் இரண்டில் ஒன்றுதான் சாத்தியம் என்பது அயர்லாந்தின் அனுபவத்தோடு ஒத்துப்போகவில்லை. அருள்குமரன் குழுவின் அறிக்கை ஊழியர்களின் பெயர்களை வெளியிடவில்லை, என்ன நடந்தது என்பதை நாள்வாரியாகச் சொன்னது, பொதுவில் வெளிவந்தது, கணவரின் கைக்கும் போனது. பெயரை மறைப்பது வேறு, நிகழ்வை மறைப்பது வேறு. தமிழ்நாட்டுத் தணிக்கையின் கண்டறிதல்களைப் பெயர் நீக்கிக் குடும்பத்துக்கு வாசித்துக் காட்டுவதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. இதையே மற்ற மருத்துவமனை மரணங்களுக்கும் விரித்து, குழுவில் பாதியாவது அத்துறைக்கு வெளியே இருப்பவர்களாக வைக்க வேண்டுமென்றால் சட்டம் வேண்டும். ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு அரசிடம் கேட்ட விதிகளை எழுத உட்காரும்போது, தண்டனையைப் பற்றி மட்டும் எழுதாமல் இதையும் எழுதலாம்.

இப்போதைய நடைமுறைப்படி ஆட்சியர் கூட்டத்துக்கு இறந்த பெண்ணின் உறவினர்களையும் அழைக்கிறார்கள். கணவரோ தாயோ வந்து, அந்த இரவில் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறார். மேசையைச் சுற்றி இருப்பவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். சொல்லி முடித்ததும் உறவினர்களை அனுப்பிவிடுகிறார்கள். மருத்துவர்களோடு விவாதம் அதன் பிறகு தொடங்குகிறது.